சோடாக் கம்பெனிக்கு ஆள் தேடியது

பெரம்பலூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்கள் சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, கையால் சுற்றுகிற ஒரு மிஷின், மரப்பெட்டிகளில் கோலி சோடா சீசாக்கள், அவ்வளவுதான். அதற்குத் தகரத்தில் கம்பெனி என்று எழுதி மாட்டியவர் என் வீட்டுக்காரர். திருச்சியில் ஒரு சோடாக் கடையில் கூலிக்கு மிஷின் சுற்றிக்கொண்டிருந்த மனுஷன், சொந்தமாக ஒன்று போட்டதும் தலைகால் புரியாமல் போய்விட்டார். சீசாக்களுக்குச் சொல்லி அனுப்பியபோது, கண்ணாடியிலேயே தன் பெயரின் முதல் எழுத்தைப் புடைப்பாக அச்சு வைக்கச் சொல்லியிருந்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பெயர் அவ்வளவு திருத்தமாக விழவில்லை.

நான் வரதராசன்பேட்டைக்காரி. மடத்துப் பள்ளியில் படித்து டீச்சர் பயிற்சியும் முடித்தவள். கல்யாணமாகிச் சீசா கழுவ வந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய்.

யுத்தம் வந்ததும் புதுச் சீசா வருவது நின்றுபோயிற்று. கீறல் விழுந்ததையும் விளிம்பு உடைந்ததையும் வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் அவர் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். கம்பி வலை முகமூடி இல்லாமல் மிஷின் பக்கம் போக மாட்டார். கடையில் யாருக்குச் சோடா உடைத்தாலும், "மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கோலியை அழுத்துவார். தாசில்தார் வந்து நின்றாலும் அதே உத்தரவுதான். சின்னப் பிள்ளைகளாக இருந்தால் தானே கன்னத்தில் கை வைத்துத் திருப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவரை விபத்து வேறு நேரம் பார்த்துப் பிடித்தது. சோடாவை எல்லாம் நிரப்பி, பெட்டியில் அடுக்கி, வேலை முடிந்ததென்று முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். கீற்று இடுக்கில் விழுந்த வெயில் பட்டுப் பெட்டிக்குள் ஒரு சீசா வெடித்தது. சில்லு வலது கண்ணில் பாய்ந்தது.

திருச்சி ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். அடிபட்ட கண்ணுக்கு இனிப் பார்வை வராது. தங்கி, அதை எடுத்துவிடுவதுதான் நல்லது. விட்டுவைத்தால் சில பேருக்கு நல்ல கண்ணும் அதன் கூடவே கெட்டுப்போகும்.

"ஏலாக்குறிச்சி மாதா திருநாள் வருது சார். சோடா அனுப்பறேன்னு சொல்லிட்டேன். முடிச்சிட்டு வரேன்" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மிஷின் என்று ஒன்று இருக்கும்வரை இந்த மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதுகைச் சாய்க்கப் போவதில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. கம்பெனியை விற்றுவிடுவது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொன்னபோது சிரித்தார். "சீசா கழுவறதுக்கு எத்தன கண்ணு வேணும் புள்ள?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி அடுப்பு வைத்த பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. கரியைக் கிளறி, அடுப்பை ஊதி, வண்டி கிளம்புவதற்குள் பிரயாணிகளுக்கு ஆளுக்கொரு சோடா தேவைப்படும். அந்த நேரத்தில் கண்டக்டர்களிடம் சொல்லிவைத்தேன். சேதி காட்டுத்தீயாகப் பரவியது. ஆள் வரத்தான் செய்தார்கள். வந்த வேகத்தில் போனார்கள்.

காரணம் என் வீட்டுக்காரர். மற்ற நேரமெல்லாம் கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருப்பார். வாங்க ஆள் வந்தால் மட்டும் அதை அவிழ்த்துவிட்டு, நேர் எதிரே வந்து உட்காருவார். அந்தக் கண்ணை நான் பார்த்துப் பழகியவள், நானே சில சமயம் தலையைக் குனிந்துகொள்வேன். "மிஷின் நல்ல மிஷின்தாங்க. இதத்தான் செஞ்சிச்சு" என்பார். வந்தவர் கையிலிருந்த சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இத்தனைக்கும் மிஷின் ஒரு பாவமும் அறியாது. தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொஞ்சுகிற மிஷின்மேல், அதைக் காப்பாற்றுவதற்காகவே பழி போட்டார். எனக்கு வந்த கோபத்தில் சீசா கழுவுகிற பிரஷைத் தூக்கி அடித்திருக்கிறேன். குறி தவறிவிட்டது.

கடைசியாக அரியலூரிலிருந்து ஒரு பாய் வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே டீயும் பிஸ்கட்டும் விற்கிறவர், கொஞ்சம் வயசானவர். இவர் வழக்கம்போலத் துணியை அவிழ்த்து எதிரே உட்கார்ந்தார். பாய் முகத்தைச் சுளிக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"வலிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. இவர் கையிலிருந்த கறுப்புத் துணியை மடித்தார். பிறகு, என்னை மறந்துவிட்டவர்போலச் சொன்னார்: "இது வலிக்கல பாய். இப்ப நல்ல கண்ணுதான் வலிக்குது. வெளிச்சம் பட்டா தண்ணியா கொட்டுது. பொகை போட்டாப்ல இருக்கு."

நான் பின்னால் சீசா கழுவுகிற தொட்டியருகே நின்றுகொண்டிருந்தேன். சொன்னால் நான் அன்றைக்கே எவன் தலையிலாவது கம்பெனியைக் கட்டிவிடுவேன் என்று பயந்து, இதை என்னிடம் மறைத்திருக்கிறார். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

"யா அல்லா" என்றார் பாய். "தம்பி, வெலைய நீங்களே சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன். நாளைக்கே திருச்சிக்குக் கெளம்புங்க." இவர் தலையாட்டினார். கையடித்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன். முட்டாள்தனம்.

சீசாக்களை நான் மறந்துபோயிருந்தேன். சோடாத் தொழிலில் சீசா ஒருநாளும் முழுதாகக் கடையில் இருக்காது. நிறைந்த சீசா வண்டியில் ஊர் ஊராகப் போகும், அடுத்த நடையில் வெறும் சீசா திரும்பி வரும். அப்போது பாதிக்குமேல் வெளியே கிடந்தது. திருநாளுக்குப் போனது ஏலாக்குறிச்சியில், மற்றது அரியலூர் ரோட்டுக் கிராமங்களில். நடை ஒரு வாரம் நின்றால் போதும், சீசாவில் மண்ணெண்ணெய் ஊற்றிவிடுவார்கள், பிள்ளைகள் கோலிக்காக உடைத்துவிடும்.

"சீசா கெடக்கட்டும் தம்பி, நான் ஆள் வுட்டு எடுத்துக்கறேன்" என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்கவில்லை.

"வெறும் மிஷினக் குடுத்துட்டு கம்பெனியக் குடுத்தேன்னு சொல்றதா? என் எழுத்துப் போட்ட சீசா பாய். நான் கேட்டாத்தான் குடுப்பாங்க."

அவரோடு சண்டை போட்டேன், காலில் விழுந்தேன், அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினேன். மாட்டுவண்டி வந்து நின்றபோது நானும் ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

சித்திரை வெயில். ரோடு சுண்ணாம்பாக வெளுத்துக் கண்ணைக் கூசவைத்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். சீசாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் பார்த்துப் பெட்டியில் வைப்பார். நாள் போகப் போக, தூக்கிப் பிடிப்பது நின்றுவிட்டது. கட்டை விரலால் எழுத்தைத் தடவிவிட்டு வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, தெரியுதா?" என்று கேட்டேன்.

"பொழுது சாஞ்சிடுச்சில்ல" என்றார்.

வெயில் உச்சியில் நின்றது.

திருச்சி டாக்டர் எங்களைத் திட்டவில்லை. அடிபட்ட கண்ணை எடுத்தார்கள். மற்றதில் பார்வை திரும்பவில்லை. கம்பெனியை விற்றதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை, இன்னும் முன்னாலேயே விற்றிருக்க வேண்டும். அந்தச் சீசாக்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வரதராசன்பேட்டைக்கே போய்விட்டோம். மடத்துப் பள்ளியில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பூசைக்குக் கூட்டிப்போனால் வருவார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் சோடா என்ற பேச்சே இல்லை.

அடுத்த வருஷம் கண்ணைக் காட்டத் திருச்சிக்குப் போக வேண்டி, ரயிலுக்காக அரியலூர் வந்தோம். ஸ்டேஷன் வாசலிலேயே பாய் பார்த்துவிட்டு ஓடி வந்தார். இவர் கையைப் பிடித்துக் கடைக்குள் அழைத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். உள்ளே மிஷின் சுற்றும் சத்தம் கேட்டது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எண்ணெ பத்தல பாய்."

"போடச் சொல்றேன் தம்பி" என்றார் பாய். ஒரு சோடாவை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவர் கட்டை விரலால் தடவினார், எழுத்து இருந்தது. சீசாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பாய் கோலிமேல் விரலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உடைப்பதற்கு முன்னால் இவர் எல்லோரிடமும் சொல்லிவந்த வார்த்தையை இவரிடமே எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் தயக்கம் இவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இடது கையை நீட்டி என் தோளைத் தேடினார், காதைத் தொட்டார், கன்னத்தைக் கண்டுபிடித்தார். என் முகத்தை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

"ம், ஒடைங்க பாய்" என்றார்.

கோலி இறங்கிய சத்தம் கேட்டது. நான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.