நூல் தராசில் என் மகள்

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மகள் பிறந்தாள். பட்டம் படித்தவள் என்ற தைரியமெல்லாம் அவளைக் கையில் வாங்கிய நிமிடமே போய்விட்டது. டாக்டரம்மா சொன்னது மட்டும் மனதில் நின்றது: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். நன்றாக ஒன்றுக்குப் போகிறாளா, எடை ஏறுகிறாளா, அது போதும், கவலைப்படாதே என்றும் சொல்லியிருந்தார். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. புட்டிப்பால் என்றால் எவ்வளவு குடித்தாள் என்று கோடு பார்த்துச் சொல்லிவிடலாம். என் உடம்பில் கோடு ஏது?

அப்போது எங்கள் வீடு மாடியில். கீழே என் கணவரின் நிட்டிங் யூனிட். மற்றவர்கள் நூல் கொடுப்பார்கள், அதைத் துணியாக ஓட்டிக் கொடுப்பது அவர் தொழில். மெஷின் ஓடும் வரை மகள் சுகமாகத் தூங்குவாள். கரண்ட் போய் மெஷின் நின்றதும் விழித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழுவாள். அந்த ஆண்டுகளில் கரண்ட் போகாத நாள் இல்லை.

என் கணவரின் அக்கா, எனக்கு நங்கையா, பிள்ளை பார்க்க வந்து எங்களோடு தங்கியிருந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். பிறந்த அன்றைக்கே குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வந்தவரை டாக்டரம்மா தடுத்துவிட்டார். அந்தக் கோபம் அவருக்கு ஆறவேயில்லை.

"இந்த வெயில்ல நாம சொம்பு சொம்பாக் குடிக்கறோம். பச்சப்புள்ளைக்கு ஒரு சங்குத் தண்ணி ஆவாதாமா? மூணு பெத்தவளுக்குத் தெரியாதது அந்த டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சு."

"பால்லயே தண்ணி இருக்குதுங்களாமா நங்கையா."

"ஆமா, எருமை கறக்கறவன் ஊத்துவானே, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் கரண்ட் போய் மகள் அழும்போதெல்லாம், "பசி அம்மிணி, பால் பத்தல" என்பார். அப்போது சிரிப்பு வராது. அவர் ஒரு பவுடர் பால் டின்னும் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "கீழ தராசு இருக்கறப்ப எதுக்குப் பேச்சு?" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். காலியான நூல் பெட்டி ஒன்றில் துண்டை விரித்துப் படுக்கவைத்து, துணி ரோல் நிறுக்கும் தராசில் ஏற்றினார். எடையைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனோம். நங்கையாவே அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். அன்று முழுவதும் நான் நடந்த நடையில் கொஞ்சம் திமிர் இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு ஞாயிறு, அதே பெட்டி, அதே துண்டு. எண்ணைப் பார்த்த என் கணவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு எடையைச் சொன்னார். முகம் சுண்டிவிட்டது. போன தடவையைவிட முக்கால் கிலோ குறைவு.

"நாஞ் சொன்னேன், கேட்டியா?" என்றார் நங்கையா. ஆனால் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. விடுவிடுவென்று மாடியேறி, பவுடர் பாலுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்தார். நானும் மகளோடு பின்னாலேயே ஏறி உட்கார்ந்தேன். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். திங்கள் வரை இவளைப் பட்டினி போடுவதா? மடியில் கிடந்த மகளைப் பார்த்தேன். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. போன வாரம் போட்ட சட்டை இறுகியிருந்தது. பார்வையை நம்புவதா, தராசை நம்புவதா? படித்தவள் தராசைத்தான் நம்பினேன். "டின்னை ஒடைங்க நங்கையா" என்று சொல்லவே வாயெடுத்தேன்.

படியில் உட்கார்ந்திருந்த என் கணவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்: "தராசு தப்புக் காட்டாது. பெட்டிகூடக் கழிச்சுட்டேனே..."

"என்னத்தைக் கழிச்சீங்க?"

"பெட்டி எடைய. நூல் வந்தா கழிக்கறதுதானே?"

"போன தடவ கழிச்சீங்களா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தினமும் நூல் நிறுக்கும் கை, இரண்டாம் தடவை தன் வழக்கப்படி பெட்டியைக் கழித்திருக்கிறது. முதல் தடவை சந்தோஷக் கூத்தில் அதை மறந்திருக்கிறது.

மூவரும் கீழே ஓடினோம். என் கணவர் மகளைப் பெட்டியோடு தராசில் வைத்தார், எதையும் கழிக்கவில்லை. நங்கையா தம்பியை நகர்த்திவிட்டுத் தானே குனிந்து எண்ணைப் படித்தார். முதல் தடவையைவிட நன்றாகவே ஏறியிருந்தாள்.

"ஏண்டா, உம்பட புள்ளையென்ன நூல் பொதியா, கழிவு போட்டு வாங்க?" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நான் அங்கேயே ஒரு துணி ரோலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கூத்தில் பால் கொடுக்கும் நேரம் தவறிப்போய், மகள் கையைச் சப்ப ஆரம்பித்திருந்தாள். நங்கையா அவளைத் தூக்கி என் மடியில் போட்டார். தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, வாசலை மறைத்து நின்றுகொண்டார்.

"நீ குடு அம்மிணி, நெதானமாக் குடு. எவன் வந்தாலும் நான் பாத்துக்கறேன்."