வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை

என் மாமனாரை நினைத்தால் முதலில் நாக்கில் துருவின் ருசிதான் வருகிறது. பாசமுள்ள மருமகன்களுக்கு வேறு ஏதாவது வரலாம். நான் அவரோடு மனம்விட்டுப் பழகியது பெரும்பாலும் அவருடைய காருக்கு அடியில், கோணிச்சாக்கில் மல்லாந்து படுத்த நிலையில்தான். மேலே அரித்துப்போன சைலன்சர். அதை அவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த நேரம் பார்த்து நான் "என்ன மாமா?" என்று வாயைத் திறப்பேன். என் உடம்பில் இன்றிருக்கும் இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை காரணமில்லை.

அறுபதுகளில் பிறந்த கார் அது. சென்னையில் அதை கிளாசிக் என்பார்கள், திருத்தணியில் "இன்னுமா அது ஓடுது?" என்பார்கள். அதைப் பார்க்கத் தேவையே இல்லை, கேட்டாலே போதும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே மார்க்கெட்டில் கீரைக்காரர்கள் கூடையை இழுத்து ஓரம் வைப்பார்கள். வீட்டில் அத்தை தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார். மாமனார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர், தன் வண்டிச் சத்தத்துக்கு மட்டும் எல்லை வைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே காரணமும் அந்த வண்டிதான்.

எதிர்வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. வண்டி கிளம்பும்போதெல்லாம் அதுவும் கிளம்பியது. ஒருநாள் காலை அத்தை வண்டி முன்னால் வந்து நின்று இடுப்பில் கைவைத்தார்.

"கிருத்திகைக்குள்ள இந்த சத்தம் நிக்கணும். இல்லன்னா வண்டி இரும்புக் கடைக்குப் போவும். நான் ஆட்டோவுல மலைக்குப் போய்க்கிறேன்."

என் மனைவி வாசலில் இருந்தே வழிமொழிந்தாள். "ஆங் நைனா, அம்மா சொல்றது சரிதான்."

"இன்னா சொல்றீங்க? வண்டி சத்தத்துல கேக்கல" என்றார் மாமனார். எதற்கும் அவர் பதில் அதுதான். அத்தை ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். பிறகு அவர் முகத்துக்கு நேரே அதையே இன்னொரு முறை சொன்னார். மாமனார் முகம் காற்றுப்போன டயர் மாதிரி ஆகிவிட்டது.

பஜாரில் மெக்கானிக் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இதுக்கு சைலன்சர் வோணும்னா மியூசியத்துலதான் கேக்கணும் சார்" என்றார். ஆனாலும் வேறொரு வண்டியின் புதுச் சைலன்சரைத் தேடிப்பிடித்து, அதற்கேற்பக் குழாயையும் வளைத்துக் கொடுத்தார். "மாட்டிக் குடுக்கட்டா?" என்று கேட்டதற்கு மாமனார், "வேணாம் பாய், மாப்ள கீறாரு" என்றார். எந்த மாப்பிள்ளை என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. நான் இலக்கியம் படித்தவன், அதுவரை காருக்கடியில் டார்ச் பிடித்ததோடு சரி. ஸ்பேனரில் எண் போட்டிருக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"மொதல்ல எல்லாத்தையும் லூசா மாட்டணும் மாப்ள. மொத நட்டையே முறுக்கிட்டா கடைசி குழாய் கோணிக்கும். சம்பந்தம் பேசற மாதிரிதான். எல்லாம் ஒத்து வந்தப்புறம் இறுக்கணும்." என் சம்பந்தத்தில் முதல் நாளே முறுக்கிவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. படுத்தபடியே சைலன்சரைத் தூக்கி மாட்டினேன். மாமனார் குனிந்து பார்த்தார். "பொகை பூர்ற வழி எது, போற வழி எதுன்னு பாத்து மாட்டுங்க மாப்ள" என்றார். நான் அதை முன்பின் மாற்றி மாட்டியிருந்தேன்.

பிறகு அடைப்பு வேலை. குழாயும் குழாயும் சேரும் இடங்களில் தோசைமாவுப் பதத்தில் ஒரு பசையைத் தடவி, கிளாம்பைப் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடேறினால்தான் பசை இறுகும். அது இறுகியதும் சோதனை. ஈரத்துணியால் பின்குழாயின் வாயை அடைப்பது என் வேலை. எங்காவது ஓட்டை இருந்தால் புகை அந்த வழியாக உஸ்ஸென்று வரும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் போதும். ஆனால் மாமனார் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, ஷேவிங் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடு ஜாயின்ட்ல உஸ்ஸுனு கேக்குது மாமா!" என்று கத்தினேன். அவர் முன் இணைப்பில் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து நடு இணைப்பில் குமிழி கட்டுவதைத் தாமே கண்டுபிடித்து, அதை எனக்குச் சுட்டிக் காட்டினார். "காத நம்பாதீங்க மாப்ள. கண்ண நம்புங்க." நான் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவனின் வியாதி அது.

மறுபடி இறுக்கி, மறுபடி அடைத்தோம். இந்த முறை மூச்சுவிட வழியில்லாமல் எஞ்சின் தானாகவே அணைந்தது. எங்கும் ஓட்டை இல்லை என்று பொருள். துணியை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். புதுப்பெண் மாதிரி அடக்கமாக ஓடியது. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாவியை அவர் இன்னொரு முறை திருகினார். கர்ர்ரென்று பல்லைக் கடித்தது அது. சந்தோஷத்தில் கை தடுமாறுகிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

கிருத்திகையன்று மலைக்குக் கிளம்பினோம். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. முன்னால் மாமனாரும் நானும். பின்னால் அத்தையும் பூக்கூடையும். வண்டிக்குள் பூ வாடுகிற ஓசைகூடக் கேட்கும் போலிருந்தது. மலைப்பாதையில் பாதி ஏறியதும் ஒரு வளைவில் பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. மாமனார் நடுரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். வேன்காரன் எப்படியோ பக்கத்தில் ஏறிவந்து தலையை வெளியே நீட்டினான்.

"யோவ் பெருசு, காது செவுடா?"

"யார்ரா செவுடு? உன் ஊட்டுப் பெரியவங்கள இப்டிதான் கேப்பியா?" என்று பாய்ந்தார் அத்தை. வேன் போய்விட்டது. "ஏங்க, அவன் அப்டி கேட்டுட்டுப் போறான், நீங்க கம்முனு கீறீங்களே?"

பதில் இல்லை.

"ஏங்க!"

இல்லை. நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டிக் கணவரின் தோளைத் தொட்டார். மாமனார் வண்டியை ஓரங்கட்டி, திரும்பி, அத்தையின் வாயைப் பார்த்தார்.

"நான் கூப்ட்டது கேக்கலையா?"

"வண்டி சத்தத்துல கேக்கலடீ."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எங்கோ கீழே ஒரு மின்சார ரயில் நிலையத்துக்குள் நுழைவது எங்களுக்குக் கேட்டது. அவருக்கு அதுவும் கேட்டிருக்காது.

"எத்தினி வருசமா?"

"கொஞ்சம் கொஞ்சமா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து."

"அப்ப இத்தினி வருசமா வண்டியில நான் பேசுனது?"

"பாதி புரியும்."

"எந்தப் பாதி?"

"சோத்தப் பத்திப் பேசுனது."

அத்தை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மாமனார் சாவியை உருவிப் பின்பக்கம் நீட்டினார். "காது கேக்காதவன் ஓட்டக் கூடாதுன்னு சொல்லுவ. சரி, வண்டியக் குடுத்துடலாம்" என்றார். அவ்வளவு அடங்கிய குரலை அவரிடம் நான் அதுவரை கேட்டதில்லை. வண்டி அதற்கு விட்டதில்லை.

அத்தை சாவியை வாங்கவில்லை. பூக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "மாப்ள, நீங்க எறங்கிப் பின்னால குந்துங்க."

அன்று மிச்ச மலையை அப்படித்தான் ஏறினோம். அத்தை ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டார். பின்னால் பஸ் வந்தால் மாமனார் கையில் ஒரு தட்டு, லாரி வந்தால் இரண்டு, பைக் என்றால் கிள்ளு. திட்டுவதற்கு மட்டும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு திட்டினார். பல வருட பாக்கி என்பதால் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் உச்சிக்கால பூஜை முடிந்துவிட்டது.

மாமனார் போய் இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன். கிருத்திகைக்கு மலைக்குப் போனால் முன் இருக்கையில் அத்தைதான். என் காது நன்றாகவே கேட்கும், அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பின்னால் லாரி வந்தால் என் கையில் இரண்டு தட்டு விழுகிறது. நான் ஓரம் ஒதுங்கி வழிவிடுகிறேன்.