குரலைத் தாழ்த்தியவர்கள்

எங்கள் தெரு மைக்செட்காரருக்குப் பேச்சைவிட ஏச்சுதான் சரளமாக வரும். அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே வழிபாட்டுக் கூடத்தின் மொட்டைமாடி. அங்கே குழாய் ஸ்பீக்கரை ஜன்னலைப் பார்த்துக் கட்டியதே அவர்தான். "காலையில என் பொண்டாட்டி காதுல நாலு நல்ல வார்த்தை விழட்டும்" என்றார்.

பிறகு அவள் தலைக்குள் கட்டி வந்தது. கரண்டி கீழே விழுந்தாலே துடித்துப்போவாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியவரிடம், "வேதத்தைக் கேட்டா நோய் ஓடிடும்" என்று கூடத்துப் பக்தர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

ஒருநாள் காலை கூடத்தின் குரு ஒரு வேத வாக்கியத்துக்கு விளக்கம் சொன்னார்: "நோயாளியின் படுக்கை அருகே உன் குரலைத் தாழ்த்து." ஸ்பீக்கர் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

மைக்செட்காரர் ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பினார். பக்தர்கள் அவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். "வேதத்தோட வாயையே திருப்புறியாடா?" என்று மிதித்தார்கள். உள்ளே உபதேசம் நிற்கவில்லை.

உதடு கிழிந்து வந்தவரிடம் அவள் சொன்னாள்: "ஆளுங்களை விடுங்க. அந்த வாக்கியம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டேதான் மிதிச்சானுங்க."

அந்த வாரமே அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க மிதித்தவர்களும் வந்தார்கள். சாவு வீடு என்று ஸ்பீக்கரைக்கூட அணைத்திருந்தார்கள். குரு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில் பிரார்த்தித்தார்.

"சத்தமாவே சொல்லுங்க ஐயா," என்றார் மைக்செட்காரர். "இனிமே அவளுக்கு வலிக்காது."