தேனும் விஸ்கியும் வடிந்த சனிக்கிழமை

வெக்ஸ்போர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரோலினுக்குப் பதினாறு வருட வேலை. இருநூறு பேருக்குச் சூப் வைக்க அவள் பயந்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு போத்தல் விஸ்கி கொண்டுவரப் பயந்தாள். கணவர் இக்னேசியஸ் குடியை விட்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

மகள் ஸ்டெபனி விரும்பிய பையனின் தகப்பன் டங்கன், ஸ்கொட்லாந்துக்காரர். நத்தார் பண்டிகைக்குத் தன் தாய் விஸ்கியில் தேன் ஊற்றி ஒரு மது ஊறவைப்பார் என்றும், அந்த ருசி பிறகு கிடைக்கவேயில்லை என்றும் ஸ்டெபனியிடம் சொல்லியிருந்தார். சம்பந்தம் பேச ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு அதையே கொடுத்தால் என்ன என்று கரோலின் நினைத்தாள். விஸ்கி, தேன், தோடம்பழத் தோல், கறுவாப்பட்டை, நாலு கராம்பு, கொஞ்சம் பெருஞ்சீரகம். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு, அரிசிப் பைக்குப் பின்னால் மூன்று கிழமை மறைத்து வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது சாடி அங்கே இல்லை. கழுவிக் கவிழ்த்தபடி தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சாடியில் இருந்த மது மேசையில் ஒரு போத்தலுக்குள் இருந்தது. அதில் முன்பு இருந்த அளவு இல்லை, கால்வாசி குறைந்திருந்தது. வீடு முழுக்க விஸ்கி மணம்.

அவள் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வந்திட்டீரே?" இக்னேசியஸ் கையைத் துடைத்துக்கொண்டு பேஸ்மென்டிலிருந்து ஏறி வந்தார்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"உது கலங்கிக் கிடந்தது. தேன் மண்டி அடியில படிஞ்சு போச்சு. உப்பிடிக் குடுத்தா அந்த மனிசன் என்ன நினைக்கும்? கோப்பி வடிக்கிற தாளில விட்டனான். துளித்துளியா விழுது. காலமை தொடங்கினது, இப்பத்தான் முடிஞ்சது. ஆறு தாள் போச்சு."

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊறிப் பருத்த தோடம்பழத் தோலும் மண்ணிறக் களியும் பிடித்த ஆறு தாள்கள் அங்கே கிடந்தன. குறைந்த கால்வாசி எங்கே போனது என்று விளங்கிவிட்டது.

"இருந்தாலும் நீங்கள்..." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை, கரோலின். விரலைக்கூட நக்கேல்லை. இனிப்புக் காணுமோ எண்டு ஸ்டெபனி வந்து பாக்கட்டும்."

"உது இருக்கிறது எப்பிடித் தெரியும்?"

"வைச்ச அண்டைக்கே மணந்தது. நீர் ஒளிச்சு வைச்சனீர். கேட்டா உமக்குத்தானே சங்கடம் எண்டு விட்டிட்டன்."

கரோலின் கதிரையில் இருந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. அவர் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விருந்தினர் சாப்பிட்டு முடித்ததும் இக்னேசியஸே சின்னக் கண்ணாடிக் கிளாசுகளில் ஒரு ஐஸ் கட்டி வீதம் போட்டு, மேலே தேன் நிற மதுவை ஊற்றினார். தனக்கு ஜின்ஜர் பியர் எடுத்துக்கொண்டார். டங்கன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். தாயுடையதில் கராம்பு இல்லை என்றும், இருந்தாலும் இது அதைவிட மோசமில்லை என்றும் சொல்லி, இரண்டாவது தரம் கிளாசை நீட்டினார்.

பிறகு கலியாணத்தை மே மாதம் வைப்பதென்று முடிவாயிற்று. எல்லாரும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், காலையிலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது கரோலினுக்கு உறைத்தது. கோப்பை நிறையச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டுக்கொண்டு வந்து, சம்பந்திக்கு முன்னாலேயே இருந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள்.