மருந்து டப்பாவில் வந்த மண்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லாரும் மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணில் பூச்சி மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துச் சொல்பவர். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மண்ணைத் தப்பாக எடுத்து வந்தவரைத் திட்டித் தீர்ப்பார். தீர்த்த கையோடு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவருக்கே நீட்டுவார்.

அன்று வந்தது அவருடைய சொந்தத் தம்பி. மருந்தடிப்பதை நிறுத்தி மூன்று வருடமாகியும் வயலில் ஒரு மண்புழுவைக்கூடக் காணோமே என்ற கவலை அவருக்கு. வீட்டில் கிடந்த பழைய மருந்து டப்பா ஒன்றில் மண்ணை அள்ளி வந்திருந்தார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்டா, மருந்து இருந்த டப்பாவுல கொண்டாந்தா மருந்து காட்டாம வேற என்னத்தக் காட்டும்? உனக்கு மூளை இருக்கா, இல்லையா?"

"கத்தாதக்கா. நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் மண்ணு எடுத்தேன்."

"கழுவின தண்ணிய எங்கடா ஊத்தின?"

தம்பி டப்பாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"வயல்லதான்க்கா. பழைய மருந்து டப்பா எதுன்னாலும் எப்பவும் அங்கதானே கழுவுவோம்."

இன்றைக்குக் கூரை பறக்கப் போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். அக்காவோ தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தம்பி பக்கம் நகர்த்தினார்.