பெட்டிக்குள் போன படை

பல் கட்டும் வேலைக்கும் கிரகங்களுக்கிடையே நடக்கும் போருக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அதனால்தான் அவரை இன்றுவரை முழுதாகத் திட்ட முடியவில்லை.

கண்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் எனக்கு வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, மினுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் கடைவாய்ப் பல்லை அடைக்க வந்த ஒருவர், முறை வரும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லாமல் என் அறைக் கதவில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் பொறியியல் படிப்பிக்கிறவர். நான் ஒரு முன்பல்லின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்ததை வாயடைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில், கட்டைவிரல் உயர வீரன் ஒருவன் படுத்திருந்தான். விண்வெளிக் கவசம், முழங்கையோடு முறிந்த கை.

"இந்தக் கையை உம்மால ஒட்ட ஏலுமோ?" என்று கேட்டார்.

ஒட்டிக் கொடுத்தேன். முறிந்த இடம் தெரியாமல் மெழுகுக் கத்தியால் மூட்டையும் திருத்திக் கொடுத்தேன். பல் வலியை மறந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு என்னை அம்பிட்டியவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு சிங்கள மிருக வைத்தியரின் வீடு. மாடி மண்டபத்தில் டேபிள் டென்னிஸ் மேசையை விரித்து, அதன்மேல் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் வெட்டிய இடிபாடுகளையும் மலைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஏதோ ஒரு கிரகத்தில் நடக்கும் போர். அவரவர் படையை அவரவரே துண்டு துண்டாக ஒட்டி, நிறம் தீட்டிக் கொண்டுவர வேண்டும். அளவு நாடா பிடித்து நகர்த்தி, டைஸ் உருட்டிச் சுட வேண்டும். வளர்ந்த மனிதர்கள் மேசையின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தங்கள் பொம்மைக்கு எதிரி தெரிகிறானா என்று பார்த்ததைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மத்தியானத்துக்குள் நானும் குனிந்துவிட்டேன்.

அந்த மிருக டொக்டரிடம் எந்திர மனிதர்களின் படை இருந்தது. அதை "ஆமி" என்பார். என் நண்பர் மட்டும் அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் எடுக்கமாட்டார், படை என்றே சொல்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. போருக்குள் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்கத் தேவையுமில்லை.

விளையாடப் போய்க்கொண்டிருந்த எங்களுக்குள் ஆசை வளர்ந்தது. வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் வீரர்கள் எல்லோரிடமும் இருப்பவர்கள். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு படையை நாமே கட்டினால் என்ன என்று அவர் கேட்டார். பல்கலைக்கழகம் தந்த அவருடைய குவாட்டர்ஸில் ரெசினில் உருவங்களை அச்சடிக்கும் முப்பரிமாண இயந்திரம் இருந்தது. உடல்களை அவர் அச்சடித்தார். தலை, கை, முகம் எல்லாவற்றையும் நான் பிங்க் மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல்லுக்கு வார்ப்பதுபோல அக்ரிலிக்கில் வார்த்தேன். கிளினிக்கில் மிஞ்சிய ஊசிக் குழாய்கள் பீரங்கிகளாயின. தேநீர் வடிகட்டிகளும் தலையெண்ணெய்ப் போத்தல் மூடிகளும் சேர்ந்து இரண்டு காலில் நடக்கும் இயந்திரங்களாயின.

யாருடைய படை என்பதில்தான் கொஞ்ச நாள் இழுபட்டோம். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஒரு மலைக் கிரகம். தலைமுறை தலைமுறையாக அங்கே கூலிக்கு வைத்திருந்த பெண்கள் ஒருநாள் ஆயுதம் எடுக்கிறார்கள். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக் கூடை, கூடைக்குள் கொழுந்துக்குப் பதிலாக ஒளித்துப்பாக்கிக்கான மின்கலங்கள். என் அம்மா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நானும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். இதைவிட நல்ல யோசனை இனி யாருக்கும் வராது என்று நண்பர் சொன்னார்.

கயிறு நெற்றிக்கு மேலே எப்படிப் படிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால் பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் புசல்லாவைக்குப் பஸ் ஏறினோம். வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் அம்மா சளைக்கவில்லை. தேயிலைச் செடி கீறாமலிருக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, தலையில் துண்டை மடித்துப் போட்டு, கூடையை மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் நின்றார். நண்பர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"என்னய வச்சா பொம்ம செய்யப் போறீங்க, தம்பி?" என்று அம்மா சிரித்தார்.

"பொம்மை இல்லையம்மா, நீங்கள்தான் தளபதி."

அம்மா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் கொடுத்தார். நண்பர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், தேத்தண்ணி குடித்தே வளர்ந்த தனக்கு இந்த மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே என்று சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் பொய்யாக இருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் இருக்கவில்லை என்றே தோன்றுகிறது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

ஒரு வருடத்துக்கு மேல் கட்டினோம். கொழும்பில் ஒரு போட்டி வருகிறது, அங்கே கொண்டுபோய் நிறுத்துவோம் என்று முடிவு. அதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் ஒரு பெட்டி கேட்டார். படையை ஆடாமல் அசையாமல் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்க வேண்டும், நீளம் அகலம் உயரம் இதுதான் என்று சென்டிமீட்டரில் அனுப்பினார். நான் மெல்லிய பலகையில் பெட்டி அடித்தேன். உள்ளே ஸ்பொஞ்சை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு பெண்ணின் உருவத்துக்கும் தனித்தனியாகக் குழி வெட்டினேன். கூடையின் விளிம்பு நசுங்காமல், துப்பாக்கி முனை வளையாமல். நடை இயந்திரங்களுக்கு அடித்தட்டு.

என் மனைவி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "எங்க அக்கா குவைத்துக்குப் போறப்ப கையில கொண்டு போற பேக் மாதிரியே இருக்கு," என்றாள். நானும் சிரித்தேன்.

போட்டிக்கு முந்திய வாரம், நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்று பெட்டியோடு படையை வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை விடிய பேராதனைச் சந்தியில் சந்திப்பதாகப் பேச்சு. மனைவி இரண்டு சோற்றுப் பார்சல் கட்டித் தந்தாள். நான் போய் நின்றேன். கொழும்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஆள் ஏற்றிப் போயின. அவருடைய போன் அடிக்கவில்லை. வயிற்றுக் கோளாறோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நினைத்துக்கொண்டு குவாட்டர்ஸுக்கு நடந்தேன்.

கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் திரைச்சீலை இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பலமுறை அங்கே பார்த்தவர்.

"அவங்க குடும்பத்தோட அவுஸ்திரேலியா போன தானே. ஒங்களுக்குச் சொல்லல்லயா?" என்றார்.

சொன்னார், நான்தான் திகதியை மறந்துவிட்டேன் என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். எதற்காக அவரைக் காப்பாற்றினேனோ தெரியாது. ஒருவேளை என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

சந்தியில், பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து என் பார்சலைப் பிரித்தேன். பாதி சாப்பிட்டபோதுதான் பெட்டியின் அளவு நினைவுக்கு வந்தது. பஸ் தட்டின் அளவு அல்ல. விமானத்தில் கையில் கொண்டுபோக விடும் அளவு. மனைவியின் அக்கா ஒவ்வொரு முறையும் புலம்பும் அதே அளவு. எங்கள் படையைக் கொண்டு போவதற்கான பெட்டியை என்னைக் கொண்டே அடிப்பித்திருக்கிறார். மிச்சச் சோற்றைத் திரும்பச் சுற்றிக் கட்டினேன்.

ஒரு செய்தி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொருளாதாரம் விழுந்து நாடு இருந்த இருப்பில், வெளிநாடு போகிறவர்களை யார் குறை சொல்ல முடியும்? பிலிமத்தலாவையில் நான் மருந்து வாங்கும் கடைக்காரரின் மகன் போனான், எங்கள் கிளினிக்கின் இளம் டொக்டர் போனாள். அவர் போனதில் எனக்குக் கோபமில்லை. வாரம் தவறாமல் என் எதிரே உட்கார்ந்து, ஒரே விளக்கின் கீழ், ஒரே பசைக் குப்பியில் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர், அந்தக் கைகளாலேயே விசாவுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவு கிட்ட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா போனில் ஒருமுறை விசாரித்தார். அந்தத் தம்பி பொம்மையெல்லாம் செய்து முடித்தாரா, போட்டியில் வென்றாரா என்று. வேலை நடக்கிறது என்றேன்.

சில மாதங்கள் கழித்து அம்பிட்டிய டொக்டர் எனக்கு ஒரு வீடியோவை அனுப்பினார். கூடவே வாழ்த்து. மெல்பேர்னில் ஏதோ ஒரு விளையாட்டுக் கழகம் எடுத்தது. கண்ணாடி அலுமாரிக்குள் வெளிச்சம் போட்டு எங்கள் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் தளபதி. என் அம்மாவின் மூக்கு, அம்மாவின் தாடை, நான் இரண்டு வாரம் செதுக்கிய முகம். சிறந்த படைக்கான பரிசு கிடைத்திருந்தது.

அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று என் நண்பர் ஆங்கிலத்தில் பேசினார். இது என் சனங்களின் கதை என்றார். மலைகளில் கூடை சுமந்த பெண்களிடமிருந்து வந்தவன் நான் என்றார். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். என் நண்பருடைய தாயார் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. தேயிலைச் செடியை நுவரெலியாச் சுற்றுலாவில் கண்டிருப்பார். புசல்லாவை என்ற பெயர் அந்த வீடியோவில் எங்கும் வரவில்லை. இன்னொரு கை இந்த முகங்களைச் செதுக்கியது என்பதும் வரவில்லை.

படையைக் கொண்டு போனதைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். இதை விழுங்க முடியவில்லை. டொக்டரிடம் புது இலக்கத்தை வாங்கிப் போன் எடுத்தேன்.

குரலைக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. விசா கையில் வரும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது, கண்ணூறு படும் என்று தன் அம்மா சத்தியம் வாங்கியதாகச் சொன்னார். சரி என்றேன். பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"கேட்டா தரமாட்டீர் எண்டு நினைச்சன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." அப்படித்தான் சொன்னேன். உண்மையிலேயே கொடுத்திருப்பேனா என்பது எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தையும் அவர் எனக்குத் தரவில்லை.

பிறகு வீடியோவைப் பற்றிக் கேட்டேன். "கூடை சுமந்தது எங்கம்மாங்க. ஒங்க அம்மா இல்ல."

"இஞ்ச இருக்கிறவைக்கு அதெல்லாம் விளங்காது. அவைக்கு நாங்கள் எல்லாரும் இலங்கைத் தமிழர்தானே," என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்கும் குரலில், "அரைவாசிப் படையை அனுப்பிவிடவோ?" என்றார்.

தளபதியை மட்டும் அனுப்பச் சொன்னேன். ஓம் என்றார். கண்காட்சி முடிந்ததும் என்றார். பிறகு கழகம் வேறு இடத்துக்கு மாறுகிறது என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்பிட்டியவுக்குப் போவதை விட்டிருந்தேன். டொக்டர் விடாமல் கூப்பிட்டதால் ஒரு ஞாயிறு போனேன். தன் எந்திர மனிதர்களில் பாதியை எனக்கு இரவல் தந்து எதிரே நின்றார். டைஸ் உருட்டிக்கொண்டே, நம் நண்பர் போன நாளில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் தான்தான் வேனில் கொண்டுபோய் விட்டதாகச் சிங்களத்தில் சொன்னார். பெட்டியைப் பெரிய சூட்கேஸ்களோடு போடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் டைஸைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று நினைத்ததாகச் சொன்னார். தெரிந்து, மனம் விரும்பித்தான் பெட்டி அடித்துக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

ஆட்டத்தை முடிக்காமல் இறங்கி வந்தேன். ஏரி தெரியும் வளைவுவரை டொக்டர் கூடவே நடந்து வந்தார். அவரில் பிழை இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் என்னைத் தவிர எல்லோரும் அறிந்திருந்த ஒரு விஷயத்துக்குள் நான் மாதக்கணக்காக உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு, அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழும்பியது.

இப்போது வீட்டில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி மெழுகு செதுக்குகிறேன். என்ன படை, எந்தக் கிரகம், எந்தப் போட்டி என்று டொக்டர் இரண்டு தரம் கேட்டார். சும்மா கை பழக்கத்துக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி தேநீர் கொண்டு வந்தால், நண்பர் என்னிடம் மறைத்ததுபோல நானும் மேசைமேல் துணியை இழுத்து மூடுகிறேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போகிறாள்.