பனித்தரையில் நான் போட்ட கோல்

பாரிசில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருக்கும் அண்ணையின் ரெலிபோன் கடைக்குள் நுழைய எனக்கு இன்றைக்கும் வெட்கம். கல்லாவுக்கு மேலே தொங்கும் டிவியில் நான் கோல் போட்டுக்கொண்டிருப்பேன். போட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடிவருவேன். கார்ட் வாங்க வந்தவர்கள் டிவியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

"எங்கடை தம்பிதான்," என்பார் அண்ணை. "ஐஸ் ஹொக்கி. வெள்ளைக்காரரோடை விளையாடுறான்."

நான் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல வெளியே வந்துவிடுவேன்.

ஊரில் போர் முடிந்து, 2009 கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு எல்லாமே அண்ணைதான். அவருக்கு ஒரு வழி இருந்தது. அவருக்கு மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் இந்த லா சப்பலில் பாதிப்பேருக்கு அதே வழிதான். காரியம் ஆகவேண்டிய இடத்துக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு போவார். சுகம் விசாரிப்பார், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார், எழும்பி வாசலுக்கு வரும்போது ஒரு சொல்லுச் சொல்லிவிட்டு வருவார். நான் முதலில் தங்கிய அறை அப்படித்தான் கிடைத்தது. புறநகரில் ஒரு பத்தினுவாரில், அதாவது ஐஸில் சறுக்கி விளையாடும் அரங்கில், எனக்குத் துப்புரவு வேலை கிடைத்ததும் அங்கத்தைய பத்ரோனுக்கு, முதலாளிக்கு, போன ஒரு பெட்டி ரோல்சால்தான். அண்ணி பொரிக்கும் ஆட்டிறைச்சி ரோல்சுக்கு மசியாத ஒருவரை நான் பாரிசில் கண்டதில்லை.

அதுவரை நான் கண்ட ஐஸ் எல்லாம் மீன் பெட்டிக்குள் கிடந்ததுதான். வேலை முடிந்த பிறகு, ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, வாடகைக்கு விடும் சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து பழகினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. விழும்போது சிரிக்க ஆள் இல்லாத இடமாக அது இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அங்கே பெரியவர்களுக்கு என்று ஒரு சின்ன லீக் தொடங்கினார்கள். பஸ் ஓட்டுகிறவர், தாதி, பள்ளிக்கூட ஆசிரியர் என்று எல்லோரும் பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள். எங்கள் அரங்கின் அணிக்கு ஆள் போதவில்லை. நான் கண்ணாடித் தடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அணித்தலைவர் வந்து, நீயும் வருகிறாயா என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பெட்டி எதுவும் போகாமல் இந்த ஊரில் யாரோ என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் தோற்றோம். அதற்கு நான் கவலைப்படவில்லை. ஆனால் கோல் காப்பவரைத் தவிர எங்கள் அணியில் எல்லோரும் ஒரு கோலாவது போட்டிருந்தார்கள், நான் மட்டும் போடவில்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை எனக்கென்றே தள்ளிவிடுவார்கள். நான் தடியை ஓங்குவேன், கால் ஒரு பக்கம் போகும், வட்டு இன்னொரு பக்கம் போகும். பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு கோல் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அந்த அணியில் எனக்கும் இடம் உண்டு என்று நானே நம்பமுடியும்.

ஞாயிறு பின்னேரங்களில் அண்ணை வீட்டில் சாப்பாடு.

"இண்டைக்கு எத்தினை போட்டாய்?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

எனக்கு வேலை போய்விட்டது போல அவர் முகம் வாடிவிடும்.

கடைசி ஆட்டத்துக்குக் குடும்பமே திரண்டு வந்தது. திரான்சியிலிருந்து அண்ணியின் ஆட்கள், சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட், பெரிய பிளாஸ்க்கில் தேநீர். ஐஸில் நின்று பார்த்தேன், அண்ணை மட்டும் அவர்களோடு இல்லை. ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில்தான் கடதாசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வழக்கம்போல மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது வட்டு என்னிடம் வந்தது. எதிரே கோல் காப்பவர் மட்டும். நல்ல பருமனான மனிதர், அன்று முழுக்க ஒன்றையும் விடாதவர். நான் கிட்டப் போனதும் அவர் இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் திறந்த கேற் மாதிரிக் கிடந்தது. தட்டினேன். வட்டு மெல்ல, மிக மெல்லப் போய் உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தடியை எறிந்தேன். "அம்மா" என்று கத்தினேன். முழங்காலில் விழுந்து ஐஸை முத்தமிட்டேன். கைகளை விரித்துக்கொண்டு அரங்கைச் சுற்றி வந்தேன். அதையெல்லாம் அண்ணை படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து கைகொடுப்பது முறை. அந்தக் கோல் காப்பவர் முகமூடியைக் கழற்றினார். மீசையில் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது.

சாப்பாடு அருமை, உங்கள் அண்ணிக்குச் சொல்லுங்கள் என்றார். உங்கள் அண்ணன் நல்ல மனிதர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, போரில் நீங்கள் நிறையப் பட்டதாகச் சொன்னார், எனக்குத் தெரியாது, மன்னியுங்கள் என்று என் தோளைத் தட்டினார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் என் கையை மற்றவர்களின் கையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார்கள்.

அந்த ஐஸ் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. அங்கே, பார்வையாளர் வரிசையில், அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். டிவியில் நான் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தேன்.

"அண்ணை, அவங்களிட்டை என்ன சொன்னனீங்கள்?"

அவர் ஒளிக்கவில்லை. "என்னத்தைச் சொல்லுறது? தம்பி சண்டைக்குள்ளை நிறையப் பட்டவன், இன்னும் ஒரு கோலும் போடேல்லை, இண்டைக்குக் குடும்பம் முழுக்க வந்திருக்கு, கொஞ்சம் பாருங்கோ எண்டு சொன்னனான்."

"அது விளையாட்டு அண்ணை. அதிலையும் போய்க் கேக்கிறதே?"

யாரோ ஒருவரின் போனுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டி, அதை விரலால் நீவிக்கொண்டே அவர் கேட்டார்.

"இஞ்சை வந்த நாளிலையிருந்து, நான் கேக்காமல் உனக்கு எது கிடைச்சது?"

கோபத்தில் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்து, அப்படி எதுவும் நினைவுக்கு வராமல்தான் கேட்டார்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. அணித்தலைவர் தானாக வந்து என்னைக் கூப்பிட்டாரே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று தோன்றியது. அவருக்கும் ஒரு பெட்டி போயிருந்தால்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

அடுத்த பருவமும் விளையாடினேன், அதற்கடுத்ததும். ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை வீட்டில் சொல்வதில்லை. அந்தப் பருமனான மனிதர் இப்போது என்னிடமிருந்து ஒன்றையும் உள்ளே விடுவதில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி.

ஞாயிறு பின்னேரம் சோற்றைப் பிசைந்தபடி அண்ணை கேட்பார்.

"இண்டைக்கு எத்தினை?"

"ஒண்டு அண்ணை," என்பேன், தட்டைப் பார்த்துக்கொண்டு. இல்லை என்று சொன்னால், அடுத்த ஆட்டத்துக்கு அண்ணி ரோல்சுக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிடுவார்.